மறதியும் துணைமையும்

இல்வாழ்க்கை என்பது இருவர் ஒருவர்க்கொருவர் துணையாய் நிற்றலென்பது யாவரும் அறிந்ததே. உடல்நலமும் அறிவுநலமும் உள்ள நாளில் அத்துணைமை எளிதில் நிகழும். ஒருவர் உடல் தளர்ந்தவிடத்தும் அது பெரிதுங் குறைவுபடாது. தளர்ந்தவர் தமக்குச் செய்யப்படும் உதவியை அறிந்து முகமலர்வராகலின், உதவுவார்க்கு அம்மலர்ச்சியே போதிய கூலியாகும். ஆயின், துணைவருள் ஒருவர் மறதிநோய்ப்பட்டு, உதவியையும் உதவுவாரையும் ஒருங்கே மறந்தக்கால் அத்துணைமை யாதாம்? 'இவள் என்னை அறியாள். நேற்றுச் செய்ததும் இவளுக்கு இன்றில்லை. ஆகவே நான் அன்பாய் இருப்பினும் கடிந்துரைப்பினும் இவள்மாட்டு இரண்டும் ஒன்றே' என்று ஒரு கணவன் எண்ணுவானாயின், அவனுக்கு நாம் கூறும் விடை யாது? இதுவே ஈண்டு ஆராயப்படுவது.

இது பொழுதுபோக்குக்கு எழுந்த வினாவன்று. நம் நாட்டில் 60 ஆண்டு கடந்தோருள் நூற்றுவர்க்கு 7.4 பேர், ஆக ஏறத்தாழ 88 லட்சம் பேர், இந்நோயுற்றவர் என 2023-ஆம் ஆண்டு வெளிவந்த ஆராய்ச்சியொன்று கணித்தது. ஆடவரினும் பெண்டிரிடத்தே இது மிகுதி எனவும் அது காட்டிற்று. ஆகவே நோயுற்ற மனைவியும் உடனிருக்கும் முதிய கணவனும் இன்று ஒவ்வோரூரிலும் உளர்.

திருப்பூரையடுத்து நொய்யற்கரையில் உள்ள மங்கலத்தில் அத்தகைய இல்லமொன்றை எண்ணிக்கொள்வோம். பல்லடம், சோமனூர் போலவே மங்கலமும் விசைத்தறி மிகுந்த ஊர். பனியன் தொழிலும் சூழ்ந்தது. கணவர் நாற்பது ஆண்டு தறி ஓட்டியவர். மனைவியார் தார் சுற்றியும் சமைத்தும் மக்களை வளர்த்தும் அவரோடொப்ப உழைத்தவர். முதலில் குழம்பில் உப்பு இருமுறை விழுந்தது. பின்னர், ரேஷன் அட்டையைத் தாமே அரிசிப் பானையில் வைத்துவிட்டு மருமகள் எடுத்ததாகச் சினந்தார். அதன்பின், நள்ளிரவு இரண்டு மணிக்கு எழுந்து தலைவாரிச் சேலையுடுத்தி, 'நேரமாச்சுங்க, தறிக்குப் போகோணும்' என்று கதவைத் திறக்க முற்பட்டார். அயலார் 'வயதானால் அப்படித்தான்' என்றனர். வயதானாரெல்லாம் அப்படி ஆவதில்லை. மூளையின் உயிரணுக்கள் நலிதலால் வரும் நோய் இது. முதுமை அதற்கு இடந்தருவது, அவ்வளவே.

இனி, நினைவு நீங்கியவர் முன்னிருந்தவரே ஆவரா என்பது முதற்கண் தெளியற்பாலது. ஜெர்மனி நாட்டுப் பிராங்க்பர்ட் நகர மருத்துவமனைக்கு 1901 நவம்பரில் அகுஸ்தே டேட்டர் என்னும் 51 வயதுப் பெண்மணி கொணரப்பட்டார். கணவர் இரயில்வேயில் எழுத்தர். மனைவியின் மறதியும், காரணமில்லாத ஐயமும், இரவிற் போர்வைகளை இழுத்துக்கொண்டு வீடெல்லாம் அலைதலும் மேற்பட, அவரை இல்லத்திலேயே வைத்துக் காக்கவும் தம் வேலையைப் பார்க்கவும் இயலாது அவர் தவித்தார். அங்கிருந்த அல்சைமர் என்னும் மருத்துவர் அப்பெண்மணியிடம் பெயர் வினவினார். தம் பெயரைக் கூறினார். கணவர் பெயர் வினவியபோதும் தம் பெயரையே கூறினார். தம்மைத் தாமே இழந்துவிட்டதாகவும் அவர் சொன்னது மருத்துவக் குறிப்பிற் காணப்படுகிறது. 1906 ஏப்ரலில் அவர் காலமானார். அவ்வாண்டு நவம்பரில் டூபிங்கன் நகரக் கூட்டத்தில் அல்சைமர் அந்நோயை எடுத்துரைத்தார். 1910-இல் கிரேப்பலின் என்பார் அதற்கு அவர் பெயரையே இட்டார். இத்துணையும் மருத்துவ வரலாறு. நாம் நோக்கவேண்டுவது அப்பெண்மணி கூறிய அச்சொல்லையே. தம்மை இழந்ததாக உரைத்தவர் யார்? இழப்பை அறிந்து வருந்தியவர் ஒருவர் அங்கே இருந்தாரன்றோ?

மெய்கண்டதேவர் சிவஞானபோதம் மூன்றாஞ் சூத்திரத்தில் ஆன்மா உண்டென நிறுவுங்கால் முதற்கண் எடுத்த நெறி இதனோடு நெருங்கியதே. 'இஃது இல்லை, அஃது இல்லை' என்று மறுத்து நிற்பதொன்று உளதாகலின் அதுவே உயிர் என்பது அவர் கருத்து. அச்சூத்திரத்திலேயே, உறக்கத்தில் மூச்சு இயங்கியும் உண்டலுஞ் செயலும் இன்மையைக் காட்டி, உயிர் மூச்சின் வேறென்றார். அடுத்த சூத்திரத்தில், மனம் முதலிய அந்தக்கரணங்களோடு உயிர் நிற்கும் நிலையை அமைச்சரோடு கூடிய அரசனுக்கு ஒப்பிட்டார். இவ்வுவமை நம் வினாவுக்கு நேரே விடையாகும். அமைச்சர் ஒவ்வொருவராய் அவை நீங்கினால் அரசனுக்கு ஊர்ச்செய்தி எட்டாது, ஆணை வெளிச்செல்லாது, குடிகள் அரசன் இறந்தானோ என ஐயுறுவர். அரசன் இறந்திலன். நனவில் முப்பத்தைந்து கருவிகளோடும், கனவில் இருபத்தைந்தோடும், உறக்கத்தில் மூன்றோடுமாக உயிர் நிற்குமென நூல்கள் எண்ணிட்டுரைக்கின்றன. கருவி குறையக் குறைய விளக்கங் குறையுமேயன்றி உயிர் குறைந்ததென ஓரிடத்தும் கூறிற்றில்லை. உறங்கும் மனைவியை மனைவியல்லள் என்று எவருஞ் சொல்லார். கருவி பழுதுற்ற மனைவியை மட்டும் அங்ஙனஞ் சொல்லுதல் எவ்வாறு பொருந்தும்?

அற்றேல், இந்நோயை அவத்தைக் கணக்கிற் பொருத்தி மருந்துங் கூறிவிடலாமே எனின், அது தகாது. சாத்திரம் உயிரினியல்பை ஆராய எழுந்தது. மூளையின் பழுதை ஆராய்வது மருத்துவம். ஒன்றன் வேலையை மற்றொன்றுக்கு இடுவார் இரண்டையுங் கெடுப்பர். 'முன்வினை, அனுபவிக்கட்டும்' என்று கூறி விலகுவாரும் உளர். நோய் வினைவழித்தாயின், அந்நோயாளிக்கு அருகே நம்மை வைத்ததும் அவ்வழித்தேயென அவர் ஏன் கருதார்? வினைக்கொள்கை அயலான் சோம்பலுக்கு முட்டுக்கொடுக்க வந்ததன்று.

'உயிர் உண்டெனினும் அவள் மறந்துவிடுகிறாளே. கடுஞ்சொல்லும் அரைநாழிகையில் இல்லையாகிவிடுமே' எனும் வினா இன்னும் நிற்கின்றது. இதனை 2014-ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டு அயோவாப் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தனர். அல்சைமர் நோயுற்றார்க்குத் துயரமூட்டும் படக்காட்சிகளையும் மகிழ்வூட்டும் படக்காட்சிகளையும் காட்டிச் சிறிதுபொழுது கழித்து வினவியபோது, கண்ட காட்சி பெரும்பாலும் அவர் நினைவில் இல்லை. ஆயின் அக்காட்சியால் விளைந்த துயரமும் மகிழ்வும் நீங்காது நின்றன. காரணம் மறைந்து துன்பம் மட்டும் எஞ்சுதல் நினைவுடையார் துன்பத்தினும் கொடிது. நமக்குத் துன்பம் வந்தால் இன்னதனால் வந்ததென்று அறிந்து ஆறுகிறோம். அவர்க்கு அவ்வழி அடைபட்டது. காலையிற் கணவன் கடிந்தது மறந்து, மாலைவரை ஏனென்றறியாத கலக்கத்தோடு முற்றத்தில் நிற்கும் மூதாட்டியைக் கண்டோர் இதனை எளிதில் உணர்வர். ஆகவே, 'மறந்தாள், ஆதலின் தீங்கின்று' என்பது உண்மைக்கும் மாறு, அறத்துக்கும் மாறு.

இவ்வளவுந் தெளிந்தபின், அன்றாடம் நிகழ்வனவற்றுள் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒன்று பகலில் நிகழும் மருத்துவப் பரிசோதனை. மற்றொன்று இரவில் நிகழும் உறக்கமின்மை.

பரிசோதனை என்னும் பெயர் கேட்டதும் பல கணவர் பின்வாங்குவர். 'தீராத நோய்க்குச் சோதனை எதற்கு? அவளை அலைக்கழிப்பதே மிச்சம்' என்பர். தீராதது என்று அறிவதற்கே சோதனை வேண்டும். தைராய்டுச் சுரப்புக் குறைதல், பி12 என்னும் உயிர்ச்சத்துக் குறைதல், இரத்தத்தில் சோடியம் தாழ்தல், தலையில் அடிபட்டு மூளைமேற் குருதி தங்குதல், மனச்சோர்வு, தாமே கடையில் வாங்கியுண்ணும் சில மாத்திரைகள் ஆகிய இவையும் மறதியை விளைக்கும். இவற்றுட் பல திருத்தத்தக்கன. சில நாளிற் றிடீரெனக் குழப்பம் மிகுந்ததாயின் சிறுநீர்த்தொற்றும் காரணமாகலாம். இரத்தம் எடுப்பதும் தலையைப் படமெடுப்பதும் இவற்றைப் பிரித்தறிதற்பொருட்டேயாம். மங்கலத்தார்க்குக் கோயம்புத்தூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நெடுநாளாய் உள்ளது. 2022-இல் திருப்பூரிலும் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. போக்கிடமில்லை என்பதற்கின்று.

ஆயினும் சோதனைக்குட்படுவார் படும் நாணத்தை உடன்செல்வார் அறிந்திருத்தல் வேண்டும். 1975-இல் போல்ஸ்டீன் முதலாயினார் அமைத்த முப்பது மதிப்பெண் வினாத்தொகுதி உலகெங்கும் பரவியது. அதில் நூற்றிலிருந்து ஏழேழாய்க் கழிக்கச் சொல்வதும், ஒரு வாக்கியம் எழுதச் சொல்வதும் உண்டு. பள்ளி காணாத நம் நாட்டு முதியோர்க்கு இது பொருந்தாதென்று கண்டு, அரியானா மாநிலம் பல்லப்கரைச் சார்ந்த சிற்றூர்களில் ஆராய்ந்தோர், இருபதிலிருந்து மும்மூன்றாய்க் கழித்தல், வாக்கியத்தை எழுதாது வாயாற் கூறல் என மாற்றியமைத்து 1995-இல் வெளியிட்டனர். எழுத்தறியாமை வேறு, மறதி வேறு என்ற இவ்வேறுபாட்டை மருத்துவரே கருதுவராயின் கணவர் அதனை எத்துணைக் கருதவேண்டும்! மருத்துவர் 'இன்று என்ன கிழமை?' என்று வினவ மனைவியார் விழித்து நிற்கையில், பக்கத்திலிருந்து விடையைச் சொல்லிவிடுதல் அன்பாகாது, அளவு பிழைபடும். 'இதுகூடத் தெரியலையா?' எனல் அதனினும் தீது. கணவர் சொல்லவேண்டியன பல உள. எப்போது தொடங்கியது, விரைந்து வளர்ந்ததா, இரவில் யாது நிகழ்கிறது, என்னென்ன மாத்திரை உண்கிறார் என்பவற்றை ஒரு தாளிற் குறித்து மருத்துவரிடம் தனியே கொடுப்பது நன்று. மனைவி கேட்க அவர் குற்றங்களை அடுக்குதல் யாரும் விரும்பார்.

வெறும்வயிற்றில் இரத்தம் எடுக்கவேண்டிய நாளில், உண்ணலாகாதென்பதை அவர் மறந்து அடுக்களைக்குச் செல்வர். தடுத்தால் சண்டை. அன்று கணவரும் உண்ணாதிருந்து, விடிந்ததும் முதலாளாய் அழைத்துச் சென்றுவரின் அரைத்தொல்லை நீங்கும். முந்தின நாளே 'நாளை ஆஸ்பத்திரி' என்றால் இரவெல்லாம் அதே கலக்கம். புறப்படும்போது சொன்னாற் போதும். சொல்லாமலே அழைத்துச் செல்லலாமெனின், அது கூடாது. ஊசி குத்துமுன் 'இரத்தம் எடுக்கறாங்க, கையக் குடு, நான் பிடிச்சுக்கறேன்' என்று ஒவ்வொரு முறையும் கூறுக. ஐந்து நிமிடத்தில் மறக்கும் அறிவிப்பேயாயினும் அவ்வைந்து நிமிடத்துக்கு அவர் உரியவர். எம்.ஆர்.ஐ. என்னும் படப்பொறி பேரொலி செய்வது. அரைமணி அளவு அசையாது கிடக்கவேண்டும். தறியோசையிற் பழகிய காதுக்கு அவ்வோசை ஒருவேளை பழையதாய்த் தோன்றலாம். ஆயினும் குழலுட் கிடத்தல் அச்சந்தரும். விரைவில் முடியும் சி.டி. ஸ்கேன் போதுமா என்று மருத்துவரைக் கேட்பதில் இழுக்கில்லை.

மருத்துவர் செய்யும் சோதனைக்குப் பயனுண்டு. வீட்டுக்கு வருவோர் செய்யும் சோதனைக்கு யாதொரு பயனுமில்லை. 'நான் யாரு, சொல்லுங்க பார்க்கலாம்' என்று உறவினர் ஒவ்வொருவரும் வந்து வினவுவதும், விடை தவறின் நகைப்பதும், சரியாயின் கைதட்டுவதும் நம்மவர் இல்லந்தோறும் காணப்படும் கொடுமையாகும். வருபவர் 'அக்கா, நான் உங்க தம்பி மக வந்திருக்கேன்' என்று தாமே சொல்லிக்கொண்டு புகுந்தாற் குறைவென்ன? உயிர் அறிவித்தால் அறிவது என்பது நம் கொள்கை. அறிவிக்கும் முதல்வன் இறைவனேயாயினும், கருவி பழுதுற்ற உயிர்க்குப் பக்கத்திருப்பார் சிறு கைவிளக்காய் நிற்றல் கூடும். கைவிளக்கு வினா எழுப்பாது; காட்டும்.

இனி இரவு. இப்பகுதியே அரிது.

இரவையும் பகலையும் பிரித்துணரும் நாழிகைவட்டில் போன்றதொரு சிற்றணுத்தொகுதி மூளையின் அடியில் உளது. இந்நோயில் அதுவும் நலிவுறும். அதனால் மாலை மங்குங்கால் கலக்கம் மிகுதலும், இரவில் விழித்தலும், பகலில் உறங்கலும் விளைகின்றன. மங்கலம் போன்ற ஊரில் இதனோடு வேறுபல சேரும்: இருமுறை வேலையாய் இரவெல்லாம் ஓடும் தறிகளின் ஒலி, முறைமாறி வருவோர் திறக்கும் கதவு, மாலை ஆறுக்கும் ஏழுக்கும் அருந்தும் தேநீர், ஒளிகுறைந்த உள்ளறை. பகலில் வெயிலிற் சிறிது இருத்தி நடத்தல், பிற்பகல் உறக்கத்தை அரைமணிக்குள் நிறுத்தல், நண்பகலுக்குப்பின் தேநீரும் காப்பியும் தவிர்த்தல், படுக்குமுன் சிறுநீர் கழிப்பித்தல், மலச்சிக்கலும் மூட்டுநோவும் உளவா எனப் பார்த்தல் ஆகியன எளியன, பயனுடையன. நோவிருப்பதை அவர் சொல்லால் உணர்த்தார். எழுந்து நடந்தே உணர்த்துவார். டோனெபெசில் என்னும் மறதிமருந்தை இரவில் உண்பதால் சிலர்க்குத் தீக்கனவும் உறக்கக்கேடும் உண்டாம். மருத்துவரைக் கேட்டுக் காலைக்கு மாற்றிக்கொள்ளலாம். கனவிற் கத்தி, கைகால் ஓங்கி, கட்டிலினின்று வீழ்வாராயின் அதனைத் தனியே மருத்துவரிடம் உரைத்தல் வேண்டும். லூயி உடல் மறதி எனப்படும் வேறுவகை நோயின் அறிகுறி அதுவாகலாம். அவ்வகையினர்க்குச் சித்தக்கலக்கத்துக்குத் தரும் சில மருந்துகள் பெருங்கேடு செய்யும்.

மாலைக் கலக்கத்துக்கு விளக்கேற்றும் வேளைப் பாட்டுப் பெரிதும் துணைசெய்யும். கணவர் பெயரையும் மறந்தார், இளமையிற் கற்ற பாட்டைத் தொடங்கிக்கொடுத்தால் உடன் பாடுதல் எங்கும் காணப்படுகிறது. இசைநினைவு நெடுநாள் எஞ்சுமென்பது மருத்துவரும் ஒப்பிய செய்தி. கொங்குநாட்டார்க்கு அவிநாசி அணித்தே உள்ளது. முதலை விழுங்கிய பிள்ளையைச் சுந்தரர் மீட்ட அத்தலத்துப் பதிகம், மறத்தலைப் பற்றிய வினாவோடேயே தொடங்குவதென்பதை அன்பர்கள் அறிவர்.

இவையெல்லாஞ் செய்தும் அவர் உறங்கவில்லை. கணவர் மூன்றிரவாய்க் கண்மூடவில்லை. காலையில் அவர் தறியருகே நிற்கவேண்டியவர். அப்போது மருந்துக்கடையில் உறக்கமாத்திரை ஒன்று வாங்கிப் பாலிற் கலந்து கொடுத்துவிடலாமா?

'நோயாளிக்கு மருந்து கொடுப்பதில் என்ன ஆராய்ச்சி?' எனின், ஒருவர் வாயில் இடும் மருந்தால் மற்றொருவர் பயனுறும் இடம் இது. ஆகவே கணவர் தம் நெஞ்சை ஒரு வினா வினவவேண்டும்: உறங்கப்போவது அவளா, நானா? இத்தகைய மாத்திரையுண்ட முதியோர் தள்ளாடி வீழ்ந்து இடுப்பெலும்பு முறிதலும், மறுநாட் குழப்பம் மிகுதலும் மருத்துவர் நன்கறிந்தன. சளிக்கு உண்ணும் குளோர்பெனிரமின் போன்றவற்றைத் 'தூக்கம் வரும்' என்று கொடுப்பாரும் உளர். அவை நினைவை இன்னுங் கெடுக்கும். காலைக் கயிற்றாற் கட்டிலிற் கட்டிவைத்த குடும்பத்தை ஊரார் பழிப்பர். மருந்தாற் கட்டிய குடும்பத்தை எவரும் பழியார். கட்டு கண்ணுக்குத் தெரியாமையே காரணம்.

எனினும், இவ்வளவிற் கூறி நிறுத்துவோர் மூன்றிரவு விழித்தறியார். உறங்காத கணவன் நான்காம் இரவில் கையோங்குவான். அல்லது பகலில் ஓடுந் தறியிற் கையை விடுவான். அவன் வீழ்ந்தால் அவளுக்கு வேறு யாருளர்? ஆகவே அவன் உறக்கமும் அவள்பொருட்டே வேண்டப்படுவதாம். தன் உறக்கத்தை விரும்புதலே தன்னலமென்று கூறித் தன்னை வருத்திக்கொள்ளும் கணவன் அறத்தைப் பிழைபட உணர்ந்தவன். என் துணிபு இது: அவனுறக்கத்தை முதலில் அவளுடலில் தேடற்க, பிறர் தோளில் தேடுக. மகன் ஓரிரவு, மகள் ஓரிரவு, இயலுமாயின் பக்கத்துவீட்டு உறவினர் ஓரிரவு என முறைவைத்தால் மூன்றில் இரண்டிரவேனும் அவன் உறங்குவான். நகரத்திலிருந்து தொலைபேசியில் நலம் வினவும் மக்கள் மாதம் இரண்டிரவு வந்து விழித்திருந்தால், அவர் அனுப்பும் பணத்தினும் அது பெரிது. இதன்பின்னும் இயலாதாயின், மருத்துவர் நோக்கி, குறைந்த அளவில், சில நாளுக்கென்று கொடுக்கும் மருந்தைக் கொடுப்பதிற் பழியில்லை. அதுவே முதற்படியாயின் பழியுண்டு.

பொய்யைப் பற்றியும் ஒருசிறிது கூறவேண்டும். இரவில் அவர், 'வூட்டுக்குப் போகோணுமுங்க' என்பார்; இருப்பதோ ஐம்பதாண்டு வாழ்ந்த வீடு. 'இதுதான் வூடு' என்று வாதிடுதல் உண்மையேயாயினும் அவர் அச்சத்தை மிகுவிக்கும். 'அம்மா வருவாங்க, இரு' என்று இறந்த தாயை எழுப்பிக் கூறுதல் பொய். இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வழியுண்டு. 'உங்க வூடு எப்படி இருக்கும்? கிணறு எந்தப் பக்கம்?' என்று கேட்டால் அவர் பிறந்தகத்தைச் சொல்லத் தொடங்குவார். சொல்லச்சொல்ல அச்சம் தணியும். வீடு வேண்டுமென்ற சொல்லுக்குப் பல சமயம் அஞ்சுகிறேன் என்பதே பொருள். தீமையிலாத சொல்லே வாய்மையெனத் திருவள்ளுவர் வரையறுத்ததை இவ்விடத்துக்குக் கொள்ளலாம். ஆனால் அதனை எல்லாவிடத்துக்கும் இழுத்தல் ஆகாது. அதே மறதியைப் பயன்கொண்டு, 'ரேஷன் தாள்' என்று கூறி வீட்டுப் பத்திரத்திற் கைநாட்டு வாங்குவாரும் அன்பால் சொன்ன பொய்யென்றே சாதிப்பர். அங்கும் அவ்வொரு வினாவே போதும்: யார்பொருட்டு?

நம் சமய இதழ்களில் மனைவியின் கடமைபற்றி எழுதப்பட்ட பக்கங்கள் மிகப்பல. கணவனின் கடமைபற்றி எழுதப்பட்டன மிகச்சில. நோயுற்ற கணவனை மனைவி இருபதாண்டு காப்பின் ஊரார் அதனை இயல்பென்று கடப்பர். நோயுற்ற மனைவிக்குக் கணவன் ஒருநாட் சோறூட்டின் 'தெய்வம் போன்ற மனிதர்' என்பர். இப்புகழ்ச்சியில் மயங்குங் கணவன், தான் செய்வது கடனன்று, கொடை என எண்ணத் தலைப்படுவான். கொடை எப்போது வேண்டுமாயினும் நிறுத்தத்தக்கது. தில்லையில் வாழ்ந்த திருநீலகண்டக் குயவனார் வரலாற்றைப் படிப்போர், அவரும் மனைவியாரும் இளமை பெற்றதையே வியந்து பேசுவர். எனக்கு அதன் முன்னிகழ்ந்ததே பெரிதாகத் தோன்றும். தொடாமை என்னும் ஆணையைக் காத்து ஒரே மனையில் மூத்த அவ்விருவரும் மூங்கிற்றண்டொன்றின் இருமுனையைப் பிடித்துக்கொண்டு குளத்தில் இறங்கினர். ஒருவரையொருவர் தீண்டுதற்கில்லை; ஆயினும் ஒருவர் இழுத்த பக்கம் மற்றவர்க்குத் தெரிந்தது. மறதியுற்ற மனைவிக்கும் கணவனுக்கும் இடையே இன்று எஞ்சியிருப்பது ஏறத்தாழ அத்தகைய தண்டே. அவர்போல் மீண்டும் இளமை வருமென்று இங்கு எவரும் வாக்களிக்கமுடியாது.

கணவர்மார் புதிதாய்க் கற்கவேண்டுவன பல. தலைக்கு எந்த எண்ணெய், எந்தப் புடைவை உறுத்தும், தலைவாருகையில் எந்தப் பக்கம் வகிடு என்பனவற்றை நாற்பதாண்டு கண்டும் காணாதிருந்தவர் பலர். நீராட்டும்போது வெந்நீரை முதலிற் காலில் ஊற்றவேண்டும். தலையில் ஊற்றினால் அஞ்சி அலறுவர். இரவில் நடைவழியில் சிறு விளக்கெரிதல் நன்று; நொய்யற்பக்கம் வாயிலிருப்பின் தாழ்ப்பாளைக் கண்ணுக்கெட்டாத உயரத்தில் அமைத்தல் நன்று. உள்ளே பூட்டிவிட்டு ஆளின்றிச் செல்லுதல் மட்டும் ஒருபோதும் ஆகாது. சேலை கட்டிவிடப் புகுந்தார் முதன்முதலிற் கொசுவத்தை மாற்றி மடிப்பர். அப்போது சற்றே பொறுத்திருத்தல் நல்லது. அவர் பெயரை மறந்தும் தொழிலை மறவாத அவ்வம்மையார் கை, பலமுறை தானே வந்து அதனைத் திருத்திக்கொள்ளும்.